பன்னிரண்டாவது வீடு

…அதத்தான் சார் நானும் கேக்கறேன். குடியிருக்கற தெருவுல அஞ்சு மாடி எப்படி வரும்? வாங்க, உள்ள வாங்க, செருப்பக் கழட்ட வேணாம். உங்க செருப்புல இருக்கற தூசியவிட இங்க தரைல தூசி ஜாஸ்தி. காலைல ஏழு மணிக்குப் பெருக்கினேன், ஒன்பது மணிக்குப் பெருக்கினேன், நீங்க வீடு பாக்க வர்றீங்கன்னு இப்பவும் பெருக்கினேன். பெருக்கறது நான், போடறது பக்கத்துக் கட்டடத்துக்காரங்க. படி ஏறும்போது எண்ணினீங்களா? பதினேழு. எட்டாவது படி மட்டும் அரை இஞ்ச் ஒசரம் கூட. எறங்கும்போது பாத்து எறங்கணும்.

இது முன்ரூம். பதினொண்ணுக்குப் பத்து. பத்தே காலுன்னுகூட சொல்லலாம், ஆனா நீங்க அளந்து பாத்துக் கொறஞ்சா என் வாய்க்கு மரியாதை போயிடும். சுவிட்சு ஏழு. அதுல ஒண்ணு வேல செய்யாது, மேல் வரிசைல மூணாவது. வாடகைக்கு விடற எவனாவது இதச் சொல்லுவானா? நான் சொல்லிடுவேன். முப்பத்தோரு வருஷம் ஒரு பெரிய கிடங்குல சரக்கு சரிபாக்கற வேல பாத்தவன் சார் நான். பத்தாயிரம் மூட்டைல ஒரு மூட்டை பிரிஞ்சிருந்தா பிரிஞ்சிருக்குன்னு எழுதணும். மேனேஜரே வந்து விடுய்யான்னாலும் விடமாட்டேன். ரிடையர் ஆன அன்னிக்கு ஒரு கைக்கடிகாரம் குடுத்தாங்க. ரெண்டு நிமிஷம் ஸ்லோ. அதையும் எழுதிக் குடுத்துட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

இந்தப் பக்கவாட்டு ஜன்னலப் பாருங்க. தெறக்காதீங்க, மணல் கொட்டும். கண்ணாடி வழியாவே பாருங்க. என்ன தெரியுது? செவுரு. அவ்ளோதான், செவுரு. நாலடி தள்ளி. நாலு மாசத்துக்கு முன்னாடி இங்க நின்னா ஆகாசம் தெரியும் சார், சாயங்கால வெயில் அப்படியே உள்ள வந்து உக்காரும். அங்க இருந்தது மருந்துக்கடைக்காரர் வீடு, ஒரே மாடி, ஒடுக்கமான வீடு, நல்ல மனுஷன். கலப்புப் பகுதின்னு அறிவிப்பு வந்த மூணாவது வாரம் கட்டடக்காரங்ககிட்ட வித்துட்டுப் போயிட்டாரு. இப்ப மூணு மாடி எழும்பியாச்சு, இன்னும் ரெண்டு. முந்தாநாள் சாரத்துல நின்னு பூசிக்கிட்டிருந்த மேஸ்திரி என்கிட்ட மணி கேக்கறாரு. எங்க வீட்டுக் கடிகாரம் அவருக்குத் தெரியுது, ஆனா எந்த முள்ளு எந்த முள்ளுன்னு தெரியலையாம்.

கலப்புப் பகுதின்னா உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது, இதுல மாட்டினப்பறம்தான் தெரிஞ்சுது. தெரு குடியிருப்புத் தெருவா இருந்தா ரெண்டு மாடிதான் கட்டலாம். அதே தெருவுல பாதி வீட்டுக்கு மேல ஏதாவது தொழில் நடக்குதுன்னா நகராட்சி அதக் கலப்புப் பகுதின்னு மாத்திடலாம். மாத்திட்டா அஞ்சு மாடி, கீழ கடை, கட்டடத்தச் சுத்தி எடம் விடற அளவும் பாதி. அதாவது… பாதிக்கு மேல. பாதின்னா பத்தாது. எங்க தெருவுல மொத்தம் இருபத்திரண்டு வீடு. பதினொண்ணு இருந்தா தப்பிச்சோம், பன்னெண்டு இருந்தா போச்சு. பன்னெண்டு இருந்துச்சுன்னு யாரோ பட்டியல் போட்டுக் குடுத்திருக்காங்க சார்.

ஆமா, யாரோ. வீடு வீடா, கதவு நம்பரோட.

தண்ணி? தண்ணிக்கு ஒண்ணும் கொறையில்ல, காலைல ஆறுலேருந்து எட்டு, சாயங்காலம் அஞ்சுலேருந்து ஏழு. இந்தக் கட்டடம் குடியேறினப்பறம் எப்படின்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? இருபது குடும்பம் வரப்போகுது. இருபது குடும்பமும் ஆறு மணிக்குப் பல்லு தேச்சா நம்ம குழாய்ல காத்துதான் வரும். உங்க வீட்ல எத்தன பேரு? மூணு பேரா. சரி. வீட்டம்மா என்ன பண்றாங்க? கேக் செஞ்சு… சார், சொல்லாதீங்க. என் காதுல விழலை. விழுந்தா எனக்கு எழுதத் தோணும்.

தெரியாமத்தான் கேக்கறேன், ஒரு தெருவுல மனுஷங்க சும்மா உக்காந்திருப்பாங்களா? ரெண்டு பொழப்பு பாத்தாத்தான் வண்டி ஓடும். அதப் போய் ஒருத்தன் குத்தம்னு எழுதுவானா? நகராட்சில கருத்து கேக்கற கூட்டம்னு ஒண்ணு போட்டாங்க. எல்லாம் முடிவு பண்ணி வெச்சுட்டு அப்பறம் கருத்து கேக்கறது. கட்டடக்காரங்க ஆளு ஒருத்தர் வந்திருந்தாரு, அட்டைல சின்னக் கட்டடம் செஞ்சு எடுத்துட்டு வந்திருந்தாரு, உள்ள லைட்டெல்லாம் எரியுது. அதுல எங்க வீட்டத் தேடறேன், காணோம். எங்க வீடு இருக்க வேண்டிய எடத்துல பச்சையா பஞ்சுல ஒரு மரம் வெச்சிருக்காரு. எனக்கு வந்துச்சே கோவம். எழுந்திரிச்சு நின்னேன். இந்தப் பட்டியலக் குடுத்த அறிவுகெட்டவன் எவன்னு கேட்டேன். அவன் நல்லா இருப்பானா, சோறுதான் திங்கறானான்னு கேட்டேன். கைதட்டு சார். மண்டபமே அதிர்ந்துச்சு. ஆபீஸ் கிளார்க் ஒருத்தர் மட்டும் என்னையே பாத்துச் சிரிச்சுக்கிட்டிருந்தாரு. ஏன் சிரிக்கறாருன்னு அப்ப எனக்குப் புரியலை.

அன்னிக்கே தெருக்காரங்க ஒரு குழு போட்டாங்க. பட்டியல் குடுத்தது யாருன்னு கண்டுபிடிக்கற குழு. தலைவரா யாரப் போடலாம்னு பேச்சு வந்தப்ப எல்லாரும் ஒரே வாயா என்னத்தான் சொன்னாங்க. இவருதான் கண்ணுல வெளக்கெண்ண விட்டுக்கிட்டுப் பாக்கற ஆளுன்னாங்க. அது உண்மைதான். நானும் ஒத்துக்கிட்டேன்.

கடகடன்னு கீழ கேக்குதே, என்னன்னு பாக்கறீங்களா? தையல் மிஷின். என் வீட்டுக்காரம்மா தைக்கறா. ஸ்கூல் யூனிஃபார்ம், கவுன், தலையணை உறை. கல்யாணமாகி வந்த ரெண்டாவது மாசத்துலேருந்து தைக்கறா. இதே பக்கவாட்டுல, கீழ் ரூம் ஜன்னலோரமாத்தான் மிஷின் இருக்கும். மத்தியானம் ரெண்டு மணிக்கு வெயில் வரும், ஆறு வரைக்கும் நிக்கும். அவளுக்கு ஒரு கண்ணுல ஆபரேஷன் ஆயிருக்கு சார். ட்யூப்லைட்டு வெளிச்சம் ஒத்துக்காது. கருநீலத் துணில கருநீல நூலு ஓடறது அவளுக்குப் பகல் வெளிச்சத்துலதான் தெரியும். இப்ப அந்த ஜன்னல்ல என்ன இருக்கு? செவுரு.

அவ ஒண்ணும் சொல்லலை. அதுதான் எனக்கு… சொன்னா பரவாயில்ல, நாலு வார்த்த பதிலுக்குச் சொல்லலாம். சொல்லாம மிஷின மட்டும் எடம் மாத்தறா. மொதல்ல சமையல்கட்டுக்கு மாத்தினா, அப்பறம் வாசக்கதவுகிட்ட, அப்பறம் மாடிப்படிக்குக் கீழ. நாலு மாசத்துல மூணு எடம். காலைல எழுந்தா வீட்டுக்குள்ள இன்னிக்கு எங்கேருந்து சத்தம் வருதுன்னு தேட வேண்டியிருக்கு. போன வாரம் யூனிஃபார்ம் தைக்கக் குடுத்ததத் தைக்காமலேயே திருப்பி அனுப்பிட்டா. கருப்புத் துணி இனிமே வேணாம்னுட்டா. இந்த மாடி சும்மாத்தானே கெடக்கு, யாராவது இருந்துட்டுப் போகட்டும்னு அவதான் வாசல்ல வாடகைக்குன்னு அந்த போர்ட எழுதி மாட்டினா. என்னக் கேக்கக்கூட இல்ல.

எல்லாத்துக்கும் மூலகாரணம் யாரு தெரியுமா? அதோ, எதிர்ல, நீல கேட்டு. நாற்காலிக்காரர். விசேஷத்துக்கு நாற்காலி, மேஜை வாடகைக்கு விடறவரு. இரும்பு நாற்காலி சார், மடக்கற நாற்காலி. விடியக்காலைல அஞ்சு மணிக்கு வேன்ல ஏத்துவாரு. டமார்… டமார்… டமார்… எண்ணிக்கிட்டே படுத்திருப்பேன். நூத்தி நாப்பது வரைக்கும் எண்ணியிருக்கேன். ஒரு நாள் நூத்தி முப்பத்தொன்பதோட நிறுத்திட்டாரு, எனக்கு அன்னிக்குப் பூரா மனசே சரியில்ல. அந்த வேன எங்க நிறுத்துவாரு? எங்க வாசல்ல. போய்க் கேட்டேன், மரியாதையாத்தான் கேட்டேன். அதுக்கு அவரு, உக்காந்து பேசுவோம் வாங்கன்னு ஒரு நாற்காலியப் பிரிச்சுப் போடறாரு. கால் ஆடற நாற்காலி. எனக்கு மூக்கு மேல கோவம் வந்துடுச்சு.

நகராட்சில ஒரு புகார் எழுதிக் குடுத்தேன். குடியிருக்கற தெருவுல ஒருத்தர் தொழில் நடத்தறாருன்னு. குடுத்தது புகார் பிரிவுல. இத ஞாபகம் வெச்சுக்குங்க, புகார் பிரிவு கீழ் மாடி, திட்டப் பிரிவு மேல் மாடி. ரெண்டுக்கும் சம்பந்தமே கெடையாதுன்னு நெனச்சேன். அங்க இருந்த கிளார்க் படிச்சுப் பாத்துட்டு என்ன சொன்னாரு? ஒருத்தர் மேல மட்டும் எழுதினா சொந்த விரோதம்னு தள்ளிடுவாங்க சார், தெருவுல வேற யாரு யாரு என்ன பண்றாங்கன்னு முழுசா எழுதிக் குடுங்க, அப்பத்தான் நிக்கும்னாரு.

முழுசான்னு அந்த ஆளு சொல்லியிருக்கக் கூடாது சார். வேற யார்கிட்ட வேணா சொல்லலாம். என்கிட்ட முழுசான்னு சொல்லலாமா?

பத்து நாள் நடந்தேன். காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. யாருக்கும் தெரியாது, வாக்கிங் போறாருன்னு நெனச்சாங்க, இந்த வயசுல ஒடம்பப் பாத்துக்கறாரேன்னு பாராட்டினாங்ககூட. முதல் வீடு நாற்காலிக்காரர். ரெண்டாவது, பாட்டு டீச்சர். மூணாவது, ஃப்ரிட்ஜுல முட்டை வெச்சு விக்கற அம்மா. அப்பறம் ரிடையர்டு நர்ஸு, வாசல்ல உக்காந்து பிரஷர் பாத்துச் சொல்லுவாங்க. மீன் தொட்டில மீன் வளத்து விக்கற அண்ணன் தம்பி ரெண்டு பேரு. லுங்கியோட நின்னு இன்ஷூரன்ஸ் பேசறவரு. இப்படியே போய்க்கிட்டிருந்தேன். கடிகாரம் ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் இருக்காரு, எண்பது வயசு, யார்கிட்டயும் காசே வாங்கமாட்டாரு. பொழுது போகணும்னு பண்றாரு. அவர எழுதறதா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். மூணாவது நாள் ஒரு ஆளு கடிகாரத்த வாங்கிக்கிட்டு ஒரு பிஸ்கட் பாக்கெட் குடுத்ததப் பாத்தேன். இவரும் வாங்கிக்கிட்டாரு. எழுதிட்டேன்.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க… ஆமா. நான்தான். இத்தன நேரம் யாரோ யாரோன்னு சொன்னேனே, அது நான்தான். மெதுவாப் பேசுங்க. நீங்க பேசவே இல்லயா? சரி, நான் மெதுவாப் பேசறேன்.

குழுத் தலைவர்ங்கற முறைல ஆபீஸுக்கு நான் ஒருத்தனாத்தான் போனேன். திட்டப் பிரிவுல ஃபைல எடுத்துக் காட்டச் சொன்னேன். காட்டினாங்க. முத்து முத்தா கையெழுத்து. தெருவோட வரைபடம், தொழில் நடக்கற வீட்டுக்கெல்லாம் பச்சை பென்சில்ல வண்ணம், ஓரத்துல அடிக்கோடு, அளவு சுத்தமா. அடடா, யாரோ பொறுப்பான ஆளுன்னு நெனச்சேன் சார் ஒரு நிமிஷம். சத்தியமா. அதுக்கப்பறம்தான் கீழ கையெழுத்தப் பாத்தேன். முழுசா எழுதச் சொல்லிட்டுக் கூட்டத்துல சிரிச்சாரே அந்த கிளார்க், அவரே பக்கத்துல வந்து நின்னு, இவ்ளோ சுத்தமா எங்க ஆளுங்களே கணக்கெடுத்ததில்ல சார், அதனாலதான் மேல அனுப்பினோம்னாரு. எனக்கு… எப்படிச் சொல்றது, அந்த நெலமைலயும் பெருமையா இருந்துச்சு. நன்றி சொல்லிட்டு வந்துட்டேன். சொந்த செலவுல சூனியம் வெச்சுக்கிட்டவன் உண்டு, வெச்சவனுக்கு நன்றி சொன்னவன் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

நாற்காலிக்காரருக்கு என்ன ஆச்சா? ஒண்ணும் ஆகலை, நல்லாத்தான் ஆச்சு. கலப்புப் பகுதி ஆயிட்டதால லைசென்ஸே குடுத்துட்டாங்க. போர்டு வெச்சிருக்காரு பாருங்க, லைட்டு போட்டு. இப்ப ரெண்டாவது வேன் வாங்கியிருக்காரு. தெருக்குழுக் கூட்டத்துக்கு அவருதான் நாற்காலி குடுக்கறாரு. எனக்குன்னு தனியா கை வெச்ச நாற்காலி.

ஆனா சார், அதெல்லாம்கூடப் போகட்டும். ராத்திரிப் படுத்தா என்ன அரிக்கறது அது இல்ல. பட்டியல் பதினொண்ணுல முடிஞ்சிருந்துச்சு. கடிகாரக்காரரோட பதினொண்ணு. பேனாவ மூடிட்டேன். பதினொண்ணுன்னா சரிபாதி, பாதிக்கு மேல இல்ல. ஒண்ணும் ஆகியிருக்காது. செவுரு வந்திருக்காது. அப்ப பாத்துக் கீழ மிஷின் சத்தம் கேட்டுச்சு. கடகட கடகடன்னு.

கிடங்குல ஒரு வழக்கம் உண்டு சார். எண்ணறவனோட சொந்தக்காரன் சரக்கு இருந்தா அதையும் விடாம எண்ணணும். இல்லன்னா மத்தத எண்ணினதுக்கு மதிப்பு கெடையாது. ஊரு வீட்டையெல்லாம் எழுதிட்டு எங்க வீட்ட மட்டும் விட்டா நான் எதுல சேர்த்தி? நாளைக்கு நாற்காலிக்காரர் கேட்டா மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? பேனாவத் தெறந்தேன். வரிசை எண் பன்னெண்டு. கதவு நம்பர் பதினேழு. தொழில், தையல். நடத்துபவர், என் மனைவி. எழுதிட்டு அதுக்கும் பச்சை அடிச்சேன். அவ அப்ப வெயில்ல உக்காந்து ஒரு கொழந்தைக்குக் கவுன் தைச்சுக்கிட்டிருந்தா. டீ வேணுமான்னு கேட்டா. நான் பேப்பர மடிச்சு வெச்சுட்டு ஆமான்னேன்.

அவ வெளிச்சத்த நான்தான் சார் எடுத்துக் குடுத்துட்டேன். கட்டடக்காரங்க இல்ல, நகராட்சி இல்ல. நானே எழுதி, நானே பச்சை அடிச்சுக் குடுத்தேன். அதச் சொல்றதுக்கு நாலு மாசமா வாய் வரலை. உங்ககிட்ட வருது, அவகிட்ட வரலை. தெனம் காலைல பெருக்கறேன், அது ஒண்ணுதான் என்னால முடிஞ்சது.

சார், ஒரு நிமிஷம்.

மிஷின் சத்தம் நின்னுடுச்சு. எப்ப நின்னுச்சு? பேச்சுல கவனிக்காம விட்டுட்டேனே. நூல் தீந்து பாபின் மாத்தறாளா இருக்கும். பாபின் மாத்த ரெண்டு நிமிஷம்தான் ஆகும். கதவக் கொஞ்சம் தெறங்க, சத்தம் வராம… ஐயோ. எட்டாவது படில நிக்கறா.

சார், எங்க கெளம்பறீங்க? இருங்க, பாத்ரூம் இன்னும் காட்டலையே. வெளி ஆளு இருந்தா அவ சத்தம் போடமாட்டா, அதுக்காகவாவது அஞ்சு நிமிஷம்… சரி, சரி, அவசரம்னா போயிட்டு வாங்க. ஓரமா எறங்குங்க. எட்டாவது படி…

போயிட்டாரு.

வா. ஏன் அங்கயே நிக்கற, மேல வா. இப்ப வந்தாரே, அவருக்கு வீடு புடிக்கலைபோல. தூசி ஜாஸ்தின்னு நெனச்சிருப்பாரு. அதென்ன கையில? ஊசியா… ஓ. நூல் கோக்க வெளிச்சம் தேடி ஏறி வந்தியா. முட்டி வலிய வெச்சுக்கிட்டு இத்தன படி ஏறினியா.

எப்ப வந்த? அதாவது… எதுலேருந்து கேட்ட? பிஸ்கட் பாக்கெட்லேருந்தா. அப்ப எல்லாமே கேட்டாச்சு.

திட்டு. திட்டேன், எதையாவது சொல்லேன். பேசாம நிக்கறதுதான் உன் வழக்கம், அதுதான் என்னக் கொல்லுது. என்ன? என்ன சொன்ன? தெரியுமா? எப்படித் தெரியும்? பட்டியலுக்கு நான் எடுத்து வெச்ச கார்பன் காப்பியா… நாலு மாசமா நான் தேடாத எடமில்ல. அதோட முதுகுல காலர் அளவு வரைஞ்சு வெட்டிட்டியா? எல்லாக் கொழந்தைங்க காலரும் அதுலதானா? அடிப்பாவி, அது ஆவணம்… சரி. சரி, நான் பேசலை. நீ பேசு.

…நானா சொல்லட்டும்னு இருந்தியா. நாலு மாசமாவா.

இல்ல, சொல்லியிருக்கணும். தப்புதான். தெருக்காரங்ககிட்டயும் ஞாயித்துக்கிழமை கூட்டத்துல சொல்லிடறேன். அந்தக் கை வெச்ச நாற்காலில உக்காராம, நின்னுக்கிட்டே சொல்லிடறேன். என்ன பண்ணணுமோ பண்ணட்டும். முட்டைக்காரம்மா சும்மா விடாது.

ரோட்டு ஜன்னல்கிட்ட வந்து நின்னு பாரு. இங்க வெளிச்சம் நல்லாத்தானே இருக்கு? எதிர் வீட்டுக்காரர் ரெண்டு மாடிக்கு மேல கட்டமாட்டாரு, அவருக்கு வேனுதான் முக்கியம். போர்டக் கழட்டிடறேன். மாடிய யாருக்கும் குடுக்க வேணாம். மிஷின நான் தூக்கிட்டு வந்து இந்த ஜன்னலோரமா போடறேன். முட்டி வலிக்குதா, தைக்கக் குடுக்கறவங்க துணிய நான் வாங்கிட்டு வரேன், நானே திருப்பிக் குடுக்கறேன், எண்ணி எழுதி வெச்சுக்கறேன். எத்தன தடவ வேணா ஏறி எறங்கறேன். சிரிக்காத. நெஜமாத்தான் சொல்றேன்.

அந்த ஊசிய இப்படிக் குடு, நான் கோத்துத் தரேன். குடுன்னா. கருநீலமா, கருப்பா இது? எனக்கே தெரியலையே. எப்படி இத நீ இத்தன நாளா… இரு. நூல் முனைய நனைச்சுக்கறேன். காது எங்க இருக்கு… ஆங், இதோ. போகலை. இன்னொரு தடவ. போகலை.

கொஞ்சம் தள்ளி நில்லேன், வெளிச்சத்த மறைக்கற.

…சரி. நான் ஒண்ணும் சொல்லலை. நீ அங்கயே நில்லு.